விளம்பரத்தில் சித்தியின் கை

1

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கேரளத்து மலையூரான சின்னக்கானலிலிருந்து சித்தி கூப்பிட்டாள். இங்கே மதியம் என்றால் அங்கே சாயங்காலம். எஸ்டேட் கிரெஷ்ஷில் பிள்ளைகளை எல்லாம் தாய்மார்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்து அவள் உட்காரும் நேரம். வழக்கமாக முதலில் மழையைப் பற்றிச் சொல்வாள். அன்று சொல்லவில்லை.

"பாப்பா, என்னைய கொழுந்துக் காட்டுக்கு மாத்தப் போறாகளாம். டிவியில நான் கொழுந்து எடுக்கேன்ல, அதப் பாத்துட்டு."

"யாரு சொன்னா?"

"பீல்டு ஆபீசர் ஐயாதான். 'டிவியில அந்தா ஓட்டம் ஓடுது உன் கை, இங்க வந்து தொட்டில் ஆட்டிக்கிட்டு இருக்கியே'ன்னாரு. மஸ்டர்ல பேரு குடுக்க நின்ன பொம்பளைக எல்லாம் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். அவரு சிரிக்கல."

நான் ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற ஊரில் இருக்கிறேன். வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸ்கள் செய்யும் இடத்தில், அவற்றை அளந்து சரிபார்க்கும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தாலும் அதைப் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள். பேங்க் நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதம், எல்லாம் வரும். இங்கே கைபேசி மணி அடிக்கும்போதே எனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்தியை வைத்து எடுத்த தேயிலை விளம்பரத்துக்கான ஒப்பந்தத் தாளையும் நான்தான் படித்துச் சொன்னேன். "நல்ல பேப்பர்தான் சித்தி, ஒப்பு வச்சுக் குடு" என்று சொன்ன வாய் என்னுடையது. ஆகவே இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்பதில்கூட எனக்குத் தெளிவில்லை.

2

சித்தி என் அம்மாவின் தங்கை. லயத்தில் எங்களுக்கு அடுத்த கதவு. சித்தப்பா வேலை தேடித் தேனிப் பக்கம் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டார். அதைப் பற்றிப் பேசினால் சித்தி, "தொலைஞ்ச பொருளுக்கு விளக்கு ஏத்தித் தேடுவாகளா" என்பாள். பிள்ளைகள் இல்லை. எஸ்டேட் வேலையும் அந்த வேலைக்காகக் கொடுத்த வீடும்தான் அவளுக்கு இருப்பது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், பாக்டரியில் இலை அரைக்கும் உருளையில் அவள் வலது கை மாட்டியது. இரண்டரை விரல்கள் போயின. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் அவளோடு இருக்க வேறு ஆள் இல்லாததால் நான் இருந்தேன். பிறகு வீட்டில் இரண்டு மாதம், காலையும் மாலையும் கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, திரும்பக் கட்டியதும் நான்தான். அந்தக் கையை எனக்குத் தெரியும். கட்டை விரல் சற்று உள்பக்கம் திரும்பியிருக்கும். தொடையிலிருந்து எடுத்து வைத்துத் தைத்த தோல், மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருக்கும். டிசம்பர் குளிரில் அந்த இடம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிடும்.

அடிபட்டவர்களுக்கு எஸ்டேட்டில் 'லைட் வேலை' என்று ஒன்று உண்டு. எஸ்டேட் டாக்டர் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து எழுதித் தர வேண்டும். சித்திக்கு கிரெஷ் ஆயா வேலை கிடைத்தது அப்படித்தான். ஒரே கையால் குழந்தைக்கு ஜட்டி மாட்டுவதை அவளிடம் பார்க்க வேண்டும். குழந்தைக்கே தெரியாது.

லைட் வேலையை எடுத்துவிட்டால் கொழுந்துக் காடுதான். வெளியூர்க்காரர்கள் கொழுந்து என்றதும் விரலால் கிள்ளுவதை நினைப்பார்கள். எங்கள் பக்கம் இப்போது கையால் கிள்ளுவது அபூர்வம். பெரிய கத்திரி; வெட்டிய இலை விழுவதற்கு அதிலேயே ஒரு தட்டு. இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நாள் முழுக்க வெட்ட வேண்டும். சித்தியின் வலது கை அந்தப் பிடியைச் சுற்றி மூடாது. மூடாவிட்டால் எடை வராது. எடை வராத ஆளின் பெயர் கொஞ்ச நாளில் மஸ்டரிலிருந்து போய்விடும். பெயர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் இந்த வரிசையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஷீனாவுக்கு விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

3

ஷீனா எனக்கு எதிர் மேசை. இந்த ஊர்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சக்கர நாற்காலியில் வேலைக்கு வருகிறாள். அவள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடிபட ஓராண்டு ஆனது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது, ஊரில் படித்த 'ஹேண்டிகேப்ட்' என்ற, இங்கே இப்போது இழிவாகக் கருதும் சொல்லைப் போட்டுவிட்டேன். சாப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் டீக்கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கினார்கள். ஷீனா மட்டும், "இவளுடைய பாடப்புத்தகம் பழசு, விடுங்கள்" என்று சிரித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். சித்தியை என்னவென்று சொல்வது? மஸ்டர் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே 'லைட்'. கேரள அரசின் சான்றிதழில் மலையாளத்தில் 'பின்னசேஷி'. தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் ஒருமுறை காய்ச்சலுக்குக் காட்டிய ஆஸ்பத்திரியில் 'மாற்றுத்திறனாளி' என்று எழுதினார்கள். லயத்தில் ஒரே பெயருடைய இரண்டு பேரைப் பிரித்துச் சொல்ல 'கை போனவ'. சித்தி தன்னை ஆயா என்கிறாள்.

எங்கள் சாப்பாட்டு அறையில் டிவி எந்நேரமும் ஓடும். வந்த புதிதில் இங்குள்ள விளம்பரங்களைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு கை இல்லாதவர் அடுப்பில் எதையோ கிளறுகிறார், அவர் மனைவி உப்பு போதவில்லை என்கிறாள். காது கேளாத இரண்டு பெண்கள் கையால் பேசிக்கொண்டே கடைசிச் சாக்லேட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். யாரும் அழவில்லை. பின்னால் புல்லாங்குழல் இல்லை.

ஊரில் நான் பார்த்து வளர்ந்தவை வேறு மாதிரி. பார்வையில்லாத சிறுமி புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைத் தடவிப் பார்ப்பாள், அப்பா கண்ணைத் துடைப்பார், பெயின்ட் டப்பா வரும். ஊன்றுகோல் வைத்த பையன் பந்தயத்தில் கடைசியாக வருவான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், சிமென்ட் மூட்டை வரும். இவற்றைப் பார்க்கும்போது சித்தியும் "பாவம்ல" என்று உச்சுக்கொட்டுவாள். தன்னை அந்தப் பாவத்தில் அவள் ஒருநாளும் சேர்த்துக்கொண்டதில்லை.

ஆகவே இங்குள்ளதுதான் நாகரிகம், நம் ஆட்களுக்கு இது தெரியவில்லை என்று போனில் பேசும்போதெல்லாம் ஊருக்குப் பாடம் எடுத்தேன். ஷீனாதான் அதைக் கலைத்தாள். ஒருநாள் டிவியில் பிறந்தநாள் விருந்து ஒன்று ஓடியது. சக்கர நாற்காலியில் ஒருவன், சுற்றிலும் நண்பர்கள், எல்லோரும் ஏதோ சிப்ஸ் தின்று சிரிக்கிறார்கள்.

"இவனைப் பார்" என்றாள் ஷீனா. "இவன் எப்போதும் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறான்."

"புரியவில்லை."

"வீட்டு வாசலில் நாலு படி இருக்கிறது. முதலில் காட்டினார்களே. இவன் எப்படி உள்ளே போனான்? நான் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் பாதிச் சாயங்காலம் அந்தப் படியிலேயே முடிந்துவிடும்."

"அப்படியென்றால் காட்டாமல் இருந்தால் நல்லதா?"

"நான் அப்படிச் சொல்லவில்லையே."

"அழுகிற மாதிரிக் காட்டினாலும் தப்பு. சிரிக்கிற மாதிரிக் காட்டினாலும் தப்பு. பிறகு எப்படித்தான் காட்டுவது?"

"எனக்கென்ன தெரியும்? நான் லென்ஸ் பார்க்கிறவள்" என்று சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

4

சித்தியின் விளம்பரத்தைக் கொச்சியிலிருந்து வந்த ஆட்கள் எடுத்தார்கள். கையில் அடிபட்ட பெண் வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசில் விசாரித்தபோது யாரோ கிரெஷ்ஷைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் படப்பிடிப்பு. முதல்முறை அது டிவியில் வந்தபோது லயத்தில் பாயசம் வைத்தார்கள். சித்திக்கு 'டிவிக்காரி' என்று பெயர் வந்தது. நான் இங்கே என் கைபேசியில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். முகத்தை மட்டும்தான் பார்த்தேன். எங்கள் சித்தி முகம் டிவியில்.

சித்தியின் அழைப்பு வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைத் திரும்பப் போட்டேன். பக்கத்தில் என் மகள். ஆறு வயது. தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் சித்தியைச் சித்தி என்றே சொல்கிறாள்.

மூடுபனி. தேயிலைச் சரிவு. முதுகில் கூடையோடு சித்தியின் முகம். அடுத்து கை மட்டும், திரை முழுக்க. விரல்கள் குறைந்த ஒரு கை, இரண்டு இலை ஒரு மொட்டாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறது, வேகமாக, ஆடுவதுபோல. மறுபடி முகம், சிரிப்பு. புல்லாங்குழல். ஓர் ஆணின் குரல்: "மனம் இருந்தால் ஒரு கை போதும்." ஆவி பறக்கும் கோப்பை.

"இது சோகக் கதையாம்மா, ஹேப்பி கதையா?" என்றாள் மகள். "மியூசிக் ரெண்டு மாதிரியும் இருக்கு."

"ரெண்டும் இல்ல. டீத்தூள் கதை."

"சித்தி ரொம்ப பிரேவ்."

"எதுக்கு பிரேவ்?"

"விரல் இல்லைல. அப்படித்தான் சொல்லணும், ஸ்கூல்ல சொன்னாங்க." கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஆனா கை பிரெட்டியா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் நான் கையைப் பார்த்தேன். கட்டை விரல் நேராக இருந்தது. தோல் முழுக்க ஒரே நிறம். விரல்கள் முடிந்த இடம் பிஞ்சு வெண்டைக்காய் நுனிபோல உருண்டு, சுத்தமாக, அளவாக இருந்தது. நகத்தில் ஒரு கறை இல்லை. மணிக்கட்டில் இருந்த சிவப்பு வளையல் மட்டும் சித்தியுடையது.

உடனே கூப்பிட்டேன். அங்கே பாதி ராத்திரி; எழுப்பி, அது யார் கை என்று கேட்டேன்.

"அது ஒரு புள்ளயோட கை பாப்பா. கொச்சியில இருந்து கூட்டியாந்தாக. அவளுக்கு எல்லா விரலும் இருக்கு. மடக்கி, ஒட்டி, மேல என்னமோ மெழுகு மாதிரி வச்சு, மூணு மணி நேரம் செஞ்சாக. என் வளையலக் கழட்டி அவளுக்குப் போட்டாக. அப்புறம் நியாயமாத் திருப்பிக் குடுத்துட்டாக."

"உன் கைய எடுக்கலியா?"

"எடுத்தாக. சின்ன டிவிப் பொட்டி ஒண்ணுல போட்டுப் பாத்தாக. அந்த டைரக்டர் தம்பி 'சேச்சி, கை கொஞ்சம் ஓவரா இருக்கு'ன்னுச்சு."

நான் ஒப்பந்தத் தாளைத் தேடி எடுத்தேன். இருந்தது. ஏழாவது பத்தி: கலைஞரின் தோற்றம் தேவைக்கேற்ப மாற்றப்படலாம், பிற படிமங்களுடன் இணைக்கப்படலாம். அன்றும் அதை நான் படித்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார்களாக்கும் என்று நினைத்தேன். அந்தத் தாளின் கீழே சித்தியின் கட்டை விரல் ரேகை இருக்கிறது. அதற்கு மட்டும் அவள் கையேதான் வேண்டியிருந்தது.

மறுநாள் ஷீனாவிடம் எல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விளம்பரத்தை ஒலி இல்லாமல் இரண்டு தடவை பார்த்தாள்.

"அவளுக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதில்லை.

5

ஆனாலும் நான் என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் கை வேறொருவருடையது என்று எடுத்தவர்களே எழுதித் தந்துவிட்டால் போதும். பீல்டு ஆபீசரிடம் காட்டினால் ஒரு நிமிட வேலை. டாக்டர் பார்க்கும் நாளுக்கு ஒரு மாதம் இருந்தது.

ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நன்றி, உங்கள் கோரிக்கைக்கு இந்த எண் தரப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து, படம் பிடித்தது மட்டுமே தாங்கள், ஏஜென்சியைக் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சி, தேயிலைக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்றது. பிறகு, நீங்கள் அந்தக் கலைஞருக்கு என்ன உறவு, அதற்குச் சான்று என்ன என்று கேட்டார்கள். சின்னம்மாவுக்கும் அக்கா மகளுக்கும் எந்த ஆபீசில் உறவுச் சான்று தருவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்தி ஒரு தாளில் கைநாட்டு வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். அது தலைகீழாக வந்தது. சரியாக அனுப்பச் சொல்லி அதற்கு ஒரு மின்னஞ்சல்.

கடைசி மின்னஞ்சலை அனுப்புமுன் ஷீனாவிடம் காட்டினேன். நான்கு இடத்தில் 'தயவுசெய்து' போட்டிருந்தேன். மூன்றை அழித்தாள். "ஒன்று போதும். நீ பிச்சை கேட்கவில்லை" என்றாள். அடியில், பதில் இல்லையென்றால் இந்தக் கதையைப் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று ஒரு வரி அவளே சேர்த்தாள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. முத்திரையோடு, கையொப்பத்தோடு. கையின் நெருக்கக் காட்சிகளில் தோன்றுபவர் வேறொரு கலைஞர் என்று இரண்டே வரி. அதைப் பார்த்ததும் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாள் மாதிரி இருந்தது. சித்தியைக் கூப்பிட்டு, பூப்பாறையில் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்ட் எடுத்து ஆபீசில் கொடு என்றேன்.

"அத நான் குடுக்க மாட்டேன் பாப்பா."

"ஏன்?"

"லயத்துல எல்லாரும் அது என் கைன்னுல நினைச்சிருக்காளுக. மேக்கப் போட்டு அழகாக்குனாகன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போயி அது எவளோ கைன்னா, டிவிக்காரின்னு கூப்புடுற வாயி நாளைக்கு என்ன சொல்லும்?"

"வீடு போயிரும் சித்தி."

"தெரியும்."

"ஒனக்கு அந்த விளம்பரம் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம என்ன. பாத்தேல்ல, எம்புட்டு அழகா எடுக்குது."

"அது ஒன் கை இல்லியே."

"இல்லதான்" என்றாள், நான் ஏதோ தெரியாத விஷயத்தைச் சொன்னதுபோல. "அதுக்கென்ன இப்ப?"

அந்த வாரம் முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் கடிதம் கைபேசியில் கிடந்தது. நானே அதை எஸ்டேட் ஆபீசுக்கு நேராக அனுப்பிவிடலாம், முகவரியும் இருந்தது. அவளைக் காப்பாற்றுவதற்கு அவளைக் கேட்க வேண்டுமா என்று ஒருநாள் தோன்றும். கேட்காமல் செய்ய நீ யார் என்று மறுநாள் தோன்றும். ஷீனாவிடம் கேட்டால், "என் அம்மா நாற்பது வருடமாக என்னைக் கேட்காமல்தான் எனக்கு நல்லது செய்கிறாள்" என்றாள். அது எந்தப் பக்கத்துக்கான பதில் என்று எனக்குப் புரியவில்லை. அனுப்பவில்லை.

6

டாக்டர் பார்க்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நடந்ததைச் சித்தி எனக்குக் குரலை மாற்றி மாற்றி நடித்துக் காட்டினாள்.

எஸ்டேட் டிஸ்பென்சரி. மேசையில் டாக்டர், மலையாளி, ஓய்வு பெறும் வயது. பக்கத்தில் பீல்டு ஆபீசர். வாசலில் மருந்துக்கு நின்ற பெண்கள் பத்துப் பதினைந்து பேர். பீல்டு ஆபீசரைக் கெட்டவர் என்று சித்தியே சொல்ல மாட்டாள். கொழுந்து முற்றி நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை, மேலே இருந்து அவருக்குத் தினம் திட்டு விழுகிறது. யாரைக் காட்டுக்கு அனுப்பலாம் என்று அவர் மஸ்டரைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்.

அவர் கைபேசியில் விளம்பரத்தைப் போட்டு டாக்டர் முன்னால் வைத்தார்.

"இது நீதான?"

"நாந்தான் ஐயா."

"இந்தக் கை?"

வாசலில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"என் கைதான் ஐயா."

இந்த இடத்தில் நான் இங்கே, "ஐயோ சித்தி" என்றேன்.

"அப்ப எடுக்கலாம்ல? டிவியிலயே சொல்லுதாகளே, மனசு இருந்தா ஒரு கை போதும்னு."

"எடுக்கலாம் ஐயா. மொதல்ல அந்தக் கூடையக் குடுங்க."

"எந்தக் கூடை?"

"முதுகுல போட்டிருக்கேன் பாருங்க, அந்தக் கூடை. நம்ம எஸ்டேட்டுல கூடைய நான் பாத்து இருபது வருசம் ஆச்சு. அப்புறம் பாருங்க, காலுல பூட்ஸ் இல்ல. அட்டை ஒண்ணு கூட ஏறல. இடுப்புல படங்குச் சாக்கு இல்ல, பட்டுச்சேலை மாதிரி கட்டியிருக்கேன். கையில கத்திரி எங்க? ஒத்தை ஒத்தை மொட்டாக் கிள்ளுதேன், யாரும் எடைய எங்கன்னு கேக்கல. ஐயா, அந்தக் காட்டுக்கு என்னைய மாத்துங்க, இன்னைக்கே போறேன். அது எந்த டிவிஷன்ல இருக்கு?"

வாசலில் ஒருத்தி, "எங்களையும் அங்கிட்டே மாத்துங்கய்யா" என்றாளாம். இன்னொருத்தி, "பாட்டு வேற போடுவாகல்ல அங்க" என்றாளாம். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்திருக்கிறார். பீல்டு ஆபீசரும் கடைசியில் சிரித்துவிட்டார். அவருக்கும் அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பிறகு டாக்டர், "செரி, கை இங்கோட்டு நீட்டு" என்று சித்தியின் வலது கையை வாங்கி, ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்து, மருந்துப் பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிடி நிற்கவில்லை. "ஞான் பதினாலு வருஷம் எழுதிட்டுள்ளது டிவி பார்த்திட்டு இல்ல" என்று பீல்டு ஆபீசரிடம் சொல்லிவிட்டு, லைட் வேலை, ஓராண்டு என்று எழுதினார்.

"கடிதத்தக் காட்டியிருந்தா இம்புட்டுப் பேச வேண்டியதே இல்லல்ல" என்றேன். வென்றதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் வாங்கிக் கொடுத்த இரண்டு வரி ஆங்கிலம் இல்லாமலே வென்றுவிட்டாள் என்பதும் எங்கோ குத்தியது. அதை மறைக்க விரும்பவில்லை.

"காட்டியிருக்கலாம்" என்றாள். "அப்புறம் டிவியில இருக்கது யாரு? என் மூஞ்சியா? மூஞ்சின்னா லயத்துல நூறு மூஞ்சி இருக்கு, என்னையவிட நல்ல மூஞ்சியா. அவுக என்னையத் தேடி வந்தது கைக்குத்தான பாப்பா."

7

இதை எழுதட்டுமா என்று சித்தியைக் கேட்டேன். "எழுது. எங்க பீல்டு ஆபீசர் உக்காந்து புஸ்தகமா படிக்கப் போறாரு? பேரு மட்டும் போடாத" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை எழுதியவரை வீடியோ அழைப்பில் வாசித்துக் காட்டினேன். இந்த விளம்பரத்தை நல்லது என்பதா, மோசம் என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டாள். ஷீனாவின் நான்கு படிகளைக் கேட்டு, "அது சரியான கேள்வி" என்றாள். உருளையில் மூன்று விரல்கள் போயின என்று எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"மூணுன்னு யாரு சொன்னா?"

"நான்தான். எனக்குத் தெரியாதா சித்தி? ரெண்டு மாசம் கட்டுக் கட்டினது நான்தான?"

"ரெண்டரை" என்றாள். "எழுதுறவ சரியா எழுதணும்."

வீடியோவில் பேசும்போது அந்தக் கை எப்போதும் முந்தானைக்குள்தான் இருக்கும். அன்று வெளியே எடுத்துக் கைபேசிக்கு நேராகப் பிடித்தாள். குளிர்காலம், தோல் கறுத்து ஊதாவாக இருந்தது. என் மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஆங்கிலத்தில் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். மோதிர விரலின் அடியில், ஒரு கணு அளவுக்கு, ஒரு துண்டு நின்றது. சித்தி அதை ஆட்டிக் காட்டினாள்.

திருத்திவிட்டேன். இரண்டரை.